விந்து பிறக்குமிடம்: ஆண் இனப்பெருக்க உறுப்பு பற்றிய அறிவு வரலாறும் தமிழ்ச் சொல்வழக்கும்

முன்னுரை

ஆண் உடலில் விந்து எங்கே உண்டாகிறது என்னும் வினாவுக்கு மருத்துவ வரலாற்றில் இரு விடைகள் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளன. உடல் முழுவதிலுமிருந்து அது திரள்கிறது என்பது ஒன்று. குறிப்பிட்ட உறுப்பொன்றில் உருவாகிறது என்பது மற்றொன்று. இன்றைய உடலியல் இவ்விரண்டினும் வேறான விடையைத் தருகிறது. விந்து என்று நாம் ஒரே சொல்லால் சுட்டுவது உண்மையில் இரு பொருள்களின் கலவை. ஒன்று பல சுரப்பிகள் தரும் நீர்மம்; மற்றொன்று விந்தகத்தில் மட்டுமே தோன்றும் உயிரணு. இவ்வேறுபாட்டை அறிவியல் உலகம் உறுதிசெய்துகொள்ள, நுண்ணோக்கி வழி உயிரணு காணப்பட்ட பின்னரும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன. தமிழ்ச் சொல்வழக்கில் அவ்வேறுபாடு இன்னும் முழுமையாக நிலைபெறவில்லை.

இக்கட்டுரை அவ்வறிவு வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகத் தொகுத்து, அதனோடு தமிழ்ச் சொற்களை ஒப்புநோக்கி, சொல்லின் தெளிவின்மை இந்தியச் சமூகத்தில் விளைவித்துள்ள இடர்களை எடுத்துக்காட்ட முற்படுகிறது. இப்பொருளைப் பேசத் தமிழாய்வாளர் தயங்குவதற்கு இடக்கரடக்கல் மரபு ஒரு காரணமாகலாம். ஆயினும் சொல்லாய்வு தயங்கி நிற்குமிடத்தில் விளம்பரங்கள் தயக்கமின்றிப் பேசி வருகின்றன என்பதை மறத்தலாகாது.

ஏழாம் தாது

இந்திய மருத்துவ மரபில் உடல் ஏழு தாதுக்களால் ஆனது. உண்ட உணவு சாரமாகவும், பின்னர்ச் செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை என ஒன்றிலிருந்து ஒன்றாகவும் பக்குவமடைந்து இறுதியில் சுக்கிலமாகிறது என ஆயுர்வேதமும் சித்த மருத்துவமும் கொள்கின்றன. பெண்ணுக்குச் சுரோணிதம் என்பது சித்த மருத்துவ வழக்கு. இவ்வரிசையின் இறுதியில் நிற்பதால் சுக்கிலம் உடலின் சாரத்தின் சாரமாக மதிக்கப்பட்டது. கரும்பில் சாறும் எள்ளில் எண்ணெயும் போல அது உடலெங்கும் கலந்துள்ளது என்பது சரக சங்கிதையின் உவமை. பாலில் நெய் என்பது சுசுருத சங்கிதையிலும் காணப்படும் உவமை.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. விதைகளுக்கும் விந்துக்கும் உள்ள தொடர்பை இந்நூல்கள் அறியாதவை அல்ல. சுக்கிலத்தைச் சுமக்கும் நாளங்களுக்கு விதைகளை ஒரு மூலமாகச் சுசுருத சங்கிதை கூறுகிறது. அந்நாளங்கள் காயமுற்றால் ஆண்மை கெடும் என்றும் எடுத்துரைக்கிறது. எனவே விதை என்பது உடலெங்கும் பரவிய சாரம் வந்து சேரும் வழியாகக் கருதப்பட்டதேயன்றி, அது பிறக்கும் களமாகக் கருதப்படவில்லை எனலாம். மேலும், விந்தின் குற்றங்கள் எட்டு எனச் சரக சங்கிதை வகுக்கிறது. மகப்பேறின்மைக்கு ஆணும் காரணமாகலாம் என்பதைப் பழைய மருத்துவம் ஐயமின்றி ஏற்றிருந்தது என்பதற்கு இது சான்று. 'மலடி' என்னும் சொல்லைத் தாராளமாகவும் 'மலடன்' என்னும் சொல்லை அரிதாகவும் ஆண்ட சமூக வழக்குக்கு மருத்துவ நூல்கள் பொறுப்பல்ல.

தமிழிலக்கியமும் இக்கருத்துச் சூழலில் நின்றே கருவின் தோற்றத்தைப் பாடியுள்ளது. திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் வரும் கர்ப்பக்கிரியைப் பகுதி, மாணிக்கவாசகரின் போற்றித் திருவகவலில் கரு மாதந்தோறும் எதிர்கொள்ளும் இடர்களின் நிரல், பட்டினத்தாருக்கு உரியதாக வழங்கும் உடற்கூற்று வண்ணம் ஆகியன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலுள்ள பரியங்கயோகம் விந்தைக் காத்தலை யோக நெறியாகவே பேசுகிறது. உடல் முழுவதன் சாரமே விந்து என்னும் எண்ணம் இல்லையேல் இந்நெறிக்கு அடிப்படையே இல்லை.

கிரேக்கத்தின் இணைகோடு

இவ்வெண்ணம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இப்போகிரத்திசின் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்கள் விந்து உடலின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் திரண்டு, மூளை, முதுகுத்தண்டு வழியாக இறங்குகிறது என்று கூறின. ஏறத்தாழ 1490களில் லியோனார்டோ டா வின்சி வரைந்த புகழ்பெற்ற உடற்கூற்று ஓவியத்தில் முதுகுத்தண்டிலிருந்து ஆண்குறிக்கு ஒரு குழல் இறங்கிவருவதைக் காணலாம். கண்ணால் கண்டதை வரைவதில் இணையற்ற அக்கலைஞரும் அந்த ஓவியத்தில் வரைந்தது நூலில் படித்ததையே என்பது எண்ணத்தக்கது.

அரிஸ்டாட்டில் வேறொரு நிலையை மேற்கொண்டார். குருதி மேலும் பக்குவமடைந்து விந்தாகிறது என்றும், விதைகள் விந்தை உண்டாக்குவதில்லை என்றும் அவர் கருதினார். நெசவாளர் பாவு நூலில் தொங்கவிடும் கற்களைப் போல, விந்து செல்லும் குழல்களை இழுத்துப் பிடிக்கும் எடையே விதைகள் என்பது அவர் தந்த உவமை. இதற்கு அரணாக ஒரு செய்தியையும் அவர் பதிவுசெய்தார். காயடித்தவுடனே பசுவோடு சேர்ந்த காளையொன்று அதனைச் சினைப்படுத்தியது என்பதே அது. விதை நீங்கிய பின்னும் கருவுண்டாயிற்று எனில் விதை விந்தை உண்டாக்கவில்லை என்பது அவர் கண்ட முடிவு. காட்சி பொய்யன்று, முடிவே பிழை. அக்காளையின் குழல்களில் முன்னரே வந்து தங்கியிருந்த உயிரணுக்களே அக்கருவுக்குக் காரணம் என இன்று விளக்க முடிகிறது. இச்செய்தி 20ஆம் நூற்றாண்டு இந்தியாவின் குடும்பநலத் திட்டத்தோடு தொடர்புடையது என்பது பின்னர் விளக்கப்பெறும்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காலன் விதைகளே விந்தைப் பக்குவப்படுத்துகின்றன என்றார். உறுப்பு சார்ந்த விடை இவ்வாறு வலுப்பெற்றது. எனினும் விதையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது மேலும் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் தெளிவடையவில்லை.

விதை, விரை, அண்டம், தாது

தமிழில் இவ்வுறுப்புக்கு வழங்கும் பெயர்கள் தனியே ஆராயத்தக்கன. விதை, விரை, காய் என்பன மக்கள் வழக்கு. பீசம், அண்டம் என்பன வடமொழி வழி வந்தவை. விதை, விரை, பீசம் ஆகியன வித்தைக் குறிக்கும் சொற்கள். அண்டம் என்பது முட்டை. விரைவீக்கம், அண்டவாதம் என்னும் நோய்ப்பெயர்களிலும், காயடித்தல், விதையடித்தல் என்னும் கால்நடைத் தொழிற்சொற்களிலும் இவை இன்றும் வாழ்கின்றன. விந்து என்பதோ துளி என்னும் பொருளுடைய பிந்து என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்ளப்படுகிறது. சுக்கிலம் வெண்மை குறித்த சொல். ஆக, நிறம், வடிவு, உவமை ஆகியவற்றால் பெயரிட்டனரேயன்றித் தொழிலால் பெயரிடவில்லை.

வித்து என்னும் உவமை வெறும் அணியாக நின்றுவிடவில்லை. ஆண் வித்து, பெண் நிலம் என்னும் இணை மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் உரிமை வழக்காகவே விவாதிக்கப்படுகிறது. இந்திய உறவுமுறைகளை ஆராய்ந்த மானிடவியலாளர் லீலா துபே, 1986இல் வெளியிட்ட ஆய்வொன்றில் இவ்வுவமை குழந்தை யாருக்குரியது, குலம் எவ்வழிச் செல்வது என்னும் வினாக்களில் பெண்ணின் உரிமையை எவ்வாறு குறுக்குகிறது என்பதை விரிவாகக் காட்டினார். 'விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா' என்னும் தமிழ்ப் பழமொழி குலவழி பேசும் இடங்களில் ஆளப்படுவதையும் இதனோடு இணைத்து நோக்கலாம். நிலம் எதுவாயினும் விளைவது வித்தின் இயல்பே என்பது இதன் உட்கிடை.

உயிரியல் நோக்கில் இவ்வுவமை பொருந்தாது. செடியின் விதை என்பது ஏற்கெனவே கருவுற்ற ஒன்று. அதனுள் தாய், தந்தை இருவர் பங்கும் சேர்ந்து அமைந்துள்ளன. ஆணின் பங்கை மட்டும் சுமந்து செல்வது பூந்துகள். செடிகளிலும் ஆண், பெண் என்னும் பால் வேறுபாடு உண்டென்பதைக் கமெராரியசு என்னும் செருமானிய அறிஞர் 1694இல் ஆய்வால் நிறுவிய பின்னரே இது விளங்கிற்று. எனவே ஆண் உயிரணுவுக்குச் சரியான ஒப்புமை விதையன்று, பூந்துகளே ஆகும். இங்குத் தமிழில் ஒரு வியப்பான பொருத்தம் காணக்கிடக்கிறது. சங்க இலக்கியத்தில் தாது என்னும் சொல் பூந்துகளைக் குறிக்கிறது. மருத்துவ வழக்கில் அதே வடிவம் விந்தையும் குறிக்கிறது. இவை வேறுவேறு நெறியில் வந்து ஒலியால் ஒன்றியவையாகலாம். எனினும் வித்து என்னும் பெயர் மறைத்த உண்மையைத் தாது என்னும் பெயர் தற்செயலாகவேனும் சுட்டி நிற்கிறது.

குழல்களின் உலகம்

விதையின் உள்ளமைப்பைத் தெளிவாக வெளிப்படுத்தியவர்களுள் தலையானவர் நெதர்லாந்து மருத்துவர் ரெய்னியர் டி கிராப். 1668இல் ஆண் உறுப்புகள் பற்றி அவர் வெளியிட்ட நூல், விதை என்பது தசைத்திரளோ கஞ்சி போன்ற பொருளோ அன்று, மிக நுண்ணிய குழல்களின் சுருளே என்று காட்டியது. சிறு கொறிவிலங்கு ஒன்றின் விதையை நீரில் இட்டு, நூற்கண்டைப் பிரிப்பது போல அக்குழல்களை அவர் பிரித்துக் காட்டினார்.

இன்றைய உடற்கூற்றியல் அதனை விரிவாக விளக்குகிறது. மனித விந்தகம் ஒவ்வொன்றும் பல நூறு மீட்டர் நீளமுள்ள நுண்குழல்களை உள்ளடக்கியது. அங்கு உருவாகும் உயிரணுக்கள் விந்தகத்தின் பின்புறத்தே படிந்துள்ள மேற்சுருள்குழலுக்குச் செல்கின்றன. விரித்தால் ஏறத்தாழ 6 மீட்டர் நீளும் இக்குழலில் அவை முதிர்ந்து நீந்தும் திறம் பெறுகின்றன. பின்னர் நாளத்தின் வழியே வயிற்றறைக்குள் ஏறி, சிறுநீர்ப்பையின் பின்புறமாக இறங்கிப் புராஸ்டேட் சுரப்பியினூடே சிறுநீர் வழியை அடைகின்றன. உடல் வெப்பத்தைவிட ஏறத்தாழ 2 முதல் 4 பாகை குறைந்த வெப்பநிலையே உயிரணு உருவாக்கத்துக்கு ஏற்றதாதலின் விந்தகங்கள் உடலுக்கு வெளியே விதைப்பையில் அமைந்துள்ளன. அரிஸ்டாட்டில் எடைக்கற்களாகக் கண்ட அமைப்பின் காரணம் இதுவே.

டி கிராப்பின் காலத்தில், நாளத்தின் முடிவில் உள்ள இரு பைகள் விந்தைச் சேமிக்கும் இடங்களாகக் கருதப்பட்டன. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் 1786இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்து, அவை சேமிப்புப் பைகள் அல்ல, தமக்கெனத் தனி நீர்மத்தைச் சுரக்கும் சுரப்பிகளே என வாதிட்டார். அவர் கூற்றே நிலைத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தமிழ்ப் பாடநூல்களில் அவ்வுறுப்பின் பெயர் 'விந்துப்பை' என்றே வழங்குகிறது.

நீர்மமும் உயிரணுவும்

டி கிராப் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரிலேயே வாழ்ந்தவர் துணி வணிகரான லீவன்ஹூக். அவரை இலண்டன் ராயல் கழகத்துக்கு 1673இல் அறிமுகம் செய்தவரும் டி கிராப்பே ஆவார். 1677இல் மருத்துவ மாணவர் ஒருவர் கொண்டுவந்த நோயாளியின் விந்தில் வாலுடைய நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்ட லீவன்ஹூக், தம் விந்தையே நுண்ணோக்கியில் இட்டு நோயற்றவரிடமும் அவை உண்டென உறுதிசெய்தார். அதே ஆண்டு நவம்பரில் ராயல் கழகத்துக்கு எழுதிய மடலில் அச்செய்தியைத் தெரிவித்தார்.

கண்டது கண்டதாக இருக்க, கொண்ட பொருள் பலவாயிற்று. லீவன்ஹூக் அவற்றை எதிர்கால மனிதனின் மூலமாகவே கருதினார். 1694இல் ஹார்ட்சூக்கர் என்பவர் உயிரணுவின் தலைக்குள் குந்தியிருக்கும் சிறு மனிதன் ஒருவனையே வரைந்து காட்டினார். வித்துக்குள் முழு மரம் என்னும் பழைய உவமை நுண்ணோக்கியின் பெயரால் மீண்டும் உயிர்பெற்றது எனலாம். மறுதரப்பினர் அவற்றை விந்தில் வாழும் ஒட்டுண்ணிகள் என ஒதுக்கினர். உயிரணுவுக்கு இன்று உலகெங்கும் வழங்கும் 'ஸ்பெர்மடோசோவா' என்னும் பெயரை 1827இல் படைத்தவர் வான் பேயர். விந்திலுள்ள விலங்குகள் என்பதே அப்பெயரின் பொருள். அவர் அவற்றை ஒட்டுண்ணி வரிசையிலேயே வைத்தார். பாலூட்டிகளின் கருமுட்டையைக் கண்டறிந்து அதே 1827இல் வெளியிட்டவரும் அவரே என்பது வரலாற்றின் முரண்.

இத்தாலியப் பாதிரியாரும் ஆய்வாளருமான ஸ்பல்லன்சானி 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண் தவளைகளுக்கு மெழுகு பூசிய பட்டுக் காற்சட்டை அணிவித்து, விந்து படாத முட்டைகள் கருவுறாமையைக் காட்டினார். விந்தை வடிகட்டியும் ஆய்ந்தார். ஆயினும் கருவுறச் செய்வது நீர்மமே என்னும் முடிவை அவர் கைவிடவில்லை. 1824இல் பிரேவோ, துமா என்னும் இருவர் வடிகட்டல் ஆய்வை மீண்டும் நிகழ்த்தி, வடிந்த நீர்மம் பயனற்றது, தங்கிய உயிரணுக்களே கருவுறச் செய்பவை என உரைத்தனர். 1841இல் கோலிக்கர் உயிரணுக்கள் வெளியிலிருந்து வந்த விலங்குகள் அல்ல, விந்தகத்தின் உயிரணுக்களிலிருந்தே பிறப்பவை என்று காட்டினார். 1876இல் ஆஸ்கர் ஹெர்ட்விக் கடல் முள்ளெலியின் முட்டைக்குள் ஆண், பெண் கருக்கள் இரண்டும் ஒன்றாவதைக் கண்டார். 1677 முதல் 1876 வரையிலான இவ்விரு நூற்றாண்டுகளின் பயன் ஒரு தொடரில் அடங்கும்: நீர்மம் வேறு, உயிரணு வேறு, கருவில் தாய்க்கும் தந்தைக்கும் ஒத்த பங்குண்டு.

விந்தகத்தின் இரு தொழில்கள்

காயடித்த விலங்கு கருவுறச் செய்யாது என்பதோடு அதன் மிடுக்கும் குரலும் மாறும் என்பதை உழவர் நெடுங்காலமாக அறிவர். தமிழில் பொலிகாளை வேறு, எருது வேறு. இம்மாற்றத்தின் காரணத்தை 1849இல் பெர்தோல்டு ஆராய்ந்தார். சேவற் குஞ்சுகளின் விதைகளை அகற்றி, சிலவற்றின் வயிற்றறைக்குள் விதையை வேறிடத்தில் மீண்டும் பதித்தார். குழல் தொடர்பும் பழைய நரம்புத் தொடர்பும் அற்றிருந்தும் அவை கொண்டை சிவந்து கூவும் சேவல்களாகவே வளர்ந்தன. விதை குருதியில் ஏதோ ஒன்றைக் கலக்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

1850இல் லெய்டிக் நுண்குழல்களுக்கு இடையே உள்ள உயிரணுத் திரள்களையும், 1865இல் செர்டோலி குழல்களுக்குள் வளரும் விந்தணுக்களைப் பேணும் உயிரணுக்களையும் விளக்கினர். 1935இல் டெஸ்டோஸ்டிரோன் பிரித்தெடுக்கப்பட்டு, அதே ஆண்டில் செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. லெய்டிக் உயிரணுக்களில் சுரக்கும் இவ்வியக்குநீர் குருதியில் நேரே கலக்கிறது. நாளத்தின் வழியே வெளியேறுவதில்லை. எனவே குரல், மீசை, தசை, வேட்கை ஆகியவற்றுக்குக் காரணமான பொருளின் வழி வேறு. மகப்பேற்றுக்குக் காரணமான உயிரணுவின் வழி வேறு. பெர்தோல்டின் சேவல்கள் காட்டிய இவ்வுண்மை மக்களிடம் சென்று சேராமையின் விளைவுகளை இனிக் காணலாம்.

தாது நட்டம் என்னும் அச்சம்

நாற்பது துளிக் குருதி ஒரு துளி மச்சை, நாற்பது துளி மச்சை ஒரு துளி விந்து என்னும் கணக்கு இந்தியாவின் பல மொழிகளில் வாய்மொழியாக வழங்குகிறது. ஏழு தாதுக் கொள்கையின் எளிய வடிவமே இது. விந்து வெளியேறுவதால் உடல் மெலிகிறது, நினைவு மங்குகிறது எனக் கலங்கி மருத்துவரை நாடும் இளைஞரின் நிலையை ஆராய்ந்த மனநல மருத்துவர் என்.என். விக், 1960இல் அதற்கு 'தாத்' நோய்க்குறித் தொகுதி என்று பெயரிட்டார். தாது என்னும் சொல்லின் வடஇந்திய வடிவமே தாத். உலக நலவாழ்வு அமைப்பின் பத்தாம் நோய் வகைப்பாட்டிலும் இப்பெயர் இடம்பெற்றது. மருத்துவக் கோட்பாடு ஒன்றின் கலைச்சொல், காலப்போக்கில் ஒரு நோயின் பெயரான அரிய நிகழ்வு இது.

உடலியல் கூறுவது முற்றிலும் வேறு. ஒருமுறை வெளிப்படும் விந்தின் அளவு பெரும்பாலும் 1.5 முதல் 5 மில்லிலிட்டர் வரை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு விந்துப்பை எனப்படும் சுரப்பியினது. கால் பங்கு அல்லது சற்று மிகுதி புராஸ்டேட்டினது. உயிரணுக்களின் பங்கு நூற்றுக்கு 5க்கு மேற்படாது. நீர், சருக்கரை, உப்புகள், சில நொதிகள் ஆகியனவே நீர்மத்தின் கூறுகள். என்பு மச்சைக்கு இதில் இடமில்லை. விந்தணு ஒன்று முதிர்ச்சி பெற 64 முதல் 74 நாள்கள் ஆகின்றன. ஆயினும் உருவாக்கம் இடையறாது நிகழ்வதால் நாள்தோறும் பல கோடி அணுக்கள் தோன்றுகின்றன. வெளியேறாதவை உடலிலேயே சிதைந்து உட்கொள்ளப்படுகின்றன. சேமித்து வைத்தல் என்பது உடலின் இயல்பிலேயே இல்லை.

தாது புட்டி லேகியம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு என்னும் தொடர்களால் இவ்வச்சம் வணிகமாக்கப்படுகிறது. பாலுறவுத் திறனை மிகுவிப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் விளம்பரத்தைத் தடுக்கலாம். அவ்விளம்பரம் நம்பி நிற்கும் சொல்லைத் தடுக்க இயலாது.

'நஸ்பந்தி' என்னும் பெயர்

இந்தியா தேசிய அளவில் குடும்பநலத் திட்டத்தை 1952இல் தொடங்கியது. ஆண் கருத்தடை அறுவையில் நாளம் மட்டுமே துண்டிக்கப்படுகிறது. விந்தகம் தொடப்படுவதில்லை. இயக்குநீர் முன்போலவே குருதியில் கலக்கிறது. விந்தின் அளவும் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். அதில் உயிரணு மட்டும் இராது. நீர்மமும் உயிரணுவும் வேறு என்னும் உண்மைக்கு இதனினும் எளிய மெய்ப்பிப்பு இல்லை.

ஆனால் இந்தி மொழியில் இவ்வறுவைக்கு வழங்கும் பெயர் 'நஸ்பந்தி'. நஸ் என்பது நாடி, நரம்பு, இரத்தக்குழாய் அனைத்துக்கும் பொதுவான சொல். நரம்பு அடைக்கப்படுகிறது எனக் கேட்பவர் தம் வலிமையே அடைக்கப்படுவதாக எண்ணுதல் இயல்பு. தமிழிலும் நரம்பு என்னும் சொல் இவ்வாறே பலவற்றைக் குறிப்பதையும், நரம்புத் தளர்ச்சி என்னும் தொடர் விந்திழப்போடு பிணைந்திருப்பதையும் எண்ணிப் பார்க்கலாம். காயடித்தலோடு இதனை மயங்கவைத்து ஊர்ப்புறங்களில் எள்ளல் எழுந்ததற்கும் சொற்களின் தெளிவின்மை ஒரு காரணம்.

1971 ஜூலையில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், மாவட்ட ஆட்சியர் எஸ். கிருஷ்ணகுமாரின் முயற்சியால் நடைபெற்ற முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் இவ்வறுவையைச் செய்துகொண்டனர். ஊக்கத்தொகையும் பரிசுப்பொருள்களும் விரிவான பரப்புரையும் அதற்குத் துணைநின்றன. நெருக்கடிநிலைக் காலத்தின் 1976–77ஆம் ஆண்டில் நாடெங்கும் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இவ்வறுவை செய்யப்பட்டது. அதில் வட மாநிலங்களில் நிகழ்ந்த வன்முறையும் கட்டாயமும் 1977 மார்ச்சுத் தேர்தலின் முடிவைத் தீர்மானித்த காரணங்களுள் ஒன்றாயின. அதன்பின் ஆண் கருத்தடை மீளவே இல்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருவுறும் வயதிலுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு 37.9 பேர் தாமே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டோர் 0.3 பேர் மட்டுமே. ஆண் கருத்தடை எளியது, வயிற்றறையைத் திறக்கத் தேவையற்றது என்பதைக் கருதினால் இவ்விடைவெளியின் கொடுமை விளங்கும். இதற்கு நெருக்கடிநிலையின் வடு முதன்மைக் காரணம் எனினும், அவ்வடு ஆறாமைக்குச் சொற்களும் துணைபோயின எனலாம்.

அரிஸ்டாட்டில் கூறிய காளையை இங்கு நினைவுகூரலாம். நாளம் துண்டிக்கப்பட்ட பின்னரும் அதற்கப்பால் தங்கியுள்ள உயிரணுக்கள் முற்றிலும் நீங்க ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை வேறு தடுப்பு முறை தேவை என்பதும், பின்னர் விந்தைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்பதும் மருத்துவ நெறி. இதனை அறியாத கணவன் அம்மூன்று மாதத்துக்குள் கருவுற்ற மனைவியின் மீது ஐயம் கொள்ள இடமுண்டு. உடற்கூற்று அறிவின்மையின் சுமை இறுதியில் பெண்ணின் மீதே இறங்குகிறது.

கலைச்சொற்கள்: ஒரு மதிப்பீடு

இலங்கைத் தமிழ் உயிரியல் பாடநூல் மரபு இவ்வேறுபாட்டைச் சொல்லளவில் நன்கு பேணியுள்ளது. அங்கு விந்து என்பது உயிரணுவையும், சுக்கிலம் அல்லது சுக்கிலப்பாயம் என்பது நீர்மத்தையும் குறிக்கும். பழைய இரு ஒருபொருட்சொற்களைப் பிரித்து இரு பொருளுக்கு உரிமையாக்கியமை பாராட்டத்தக்கது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விந்தகம், விந்து நாளம், விந்தணு, விந்து செல் என்பன வழங்குகின்றன. விதை என்னும் உவமைச் சொல்லை விடுத்து விந்தகம் என ஆக்கியது ஒரு முன்னேற்றமே. ஆயினும் மக்கள் வழக்கில் விந்து என்பது நீர்மமாக நிற்க, விந்தகமும் விந்து நாளமும் அந்நீர்மத்தின் பிறப்பிடமும் வழியும் ஆகிவிடுகின்றன. நாளம் துண்டிக்கப்பட்டால் நீர்மமே நின்றுவிடும் என்னும் தவறான எண்ணத்துக்கு இப்பெயரே வழிகோலுகிறது.

ஆண்மைக் குறைவு என்னும் தொடரும் இவ்வாறே. விறைப்புக் குறைபாடு, விந்தணுக் குறைபாடு, இயக்குநீர்க் குறைபாடு ஆகிய மூன்றும் வேறுவேறு; ஒன்று உள்ளவரிடம் மற்றது இருத்தல் வேண்டுமென்பதில்லை. மூன்றையும் ஒரே தொடரால் சுட்டி, அதனை ஆளுமைக் குறையாகவும் ஆக்குவதால், மகப்பேறற்ற இணையருள் கணவர் சோதனைக்கு வரத் தயங்குகிறார். அத்தகைய இணையருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண் சார்ந்த காரணம் தனித்தோ பெண் சார்ந்த காரணத்தோடு சேர்ந்தோ காணப்படுகிறது என்பதை நோக்க, இத்தயக்கத்தின் விலை பெரிது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. விந்து உடல் முழுவதன் சாரம் என்னும் கருத்து இந்திய, கிரேக்க மருத்துவங்கள் இரண்டிலும் காணப்படும் பழைய கோட்பாடாகும். அதன் காலத்தில் அது ஆய்வுப் பொருத்தமுடைய விளக்கமே. இன்று அதனை உடலியல் உண்மையாகக் கொள்வதே பிழை.

2. 1668 முதல் 1935 வரை நிகழ்ந்த கண்டுபிடிப்புகள் நீர்மம், உயிரணு, இயக்குநீர் என்னும் மூன்றையும் வேறுபடுத்தின. தமிழில் இம்மூன்றன் பொருளும் விந்து, ஆண்மை என்னும் சொற்களில் மயங்கிக் கிடக்கின்றன.

3. வித்து, நிலம் என்னும் உவமை கருவில் பெண்ணின் பங்கை மறைக்கிறது. தாவரவியல் நோக்கில் பூந்துகளே சரியான ஒப்புமை.

4. நீர்மத்தை விந்துநீர் என்றும், உயிரணுவை விந்தணு என்றும், அதன் வழியை விந்தணு நாளம் என்றும், விந்துப்பையை விந்துநீர்ச் சுரப்பி என்றும் வழங்கலாம். ஆண்மைக் குறைவு என்னும் தொடரை மருத்துவ எழுத்தில் தவிர்த்து, குறைபாட்டின் பெயரையே கூறலாம்.

5. குடும்பநலப் பரப்புரை எந்த இந்திய மொழியில் அமைந்தாலும் நரம்பு, நாடி போன்ற பொதுச்சொற்களால் நாளத்தைக் குறிப்பது நீக்கப்பட வேண்டும்.

கலைச்சொல்லாக்கத்தை மொழித்தூய்மை, சொற்சுருக்கம் ஆகிய அளவுகோல்களால் மட்டும் மதிப்பிடுவது வழக்கமாகியுள்ளது. ஒரு சொல் கேட்பவரிடம் எத்தகைய அச்சத்தை விதைக்கிறது, யாருடைய உடலின்மீது சுமையை ஏற்றுகிறது என்பதும் ஓர் அளவுகோலாதல் வேண்டும். விந்து என்னும் சொல்லின் வரலாறு அத்தேவையைத் தெளிவுற உணர்த்துகிறது.